ஜாப்ரியா வீட்டுக் கம்ப்யூட்டர்

மிஷாரி அந்தப் பெட்டியைக் காரின் பின்சீட்டில் வைத்து, குழந்தைக்குப் போடுவது போல பெல்ட் மாட்டிக் கொண்டுவந்திருந்தான். திரையும் உடம்பும் ஒன்றாக ஒட்டிய பழைய மேக் கம்ப்யூட்டர். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது புகை பிடிப்பவர் பல் மாதிரி மஞ்சளாகிக் கிடந்தது.

"சித்தி, உம்மாகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. விட்டீங்க, நான் செத்தேன்."

"முதல்ல உள்ள கொண்டு வாடா. வெயில்ல நின்னுகிட்டு வசனம் பேசுறான்."

சபீகா மின்சார அமைச்சகத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுவாரமே மிஷ்ரிஃப் பகுதியிலிருந்த தன் வீட்டின் பக்கவாட்டு அறையிலிருந்த பழைய சோபாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நீள மேஜை போட்டாள். பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுப்பதுதான் அவளுக்கு இப்போது பொழுது. சோபாக்கள் போனதில் கணவன் பர்ராக்குக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

மிஷாரி நூரியாவின் மூத்த மகன். நூரியா யாரென்றால், ஜாப்ரியா பகுதியில் சபீகா வளர்ந்த வீட்டின் சுவரை ஒட்டிய வீட்டில் பிறந்தவள். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பஸ். சபீகாவின் முதல் பிரசவத்தில் வெளியே நின்று டாக்டரோடு சண்டை போட்டவள் நூரியா. சபீகாவின் உம்மா இறந்தபோது உடலைக் கடைசியாகக் குளிப்பாட்டியவளும் அவள்தான். தோழி என்ற சொல் அவளுக்குப் போதாது. கூடப் பிறந்த அக்காதங்கைகள்கூட இத்தனை வருஷம் சண்டையில்லாமல் இருக்க மாட்டார்கள் என்று பர்ராக் அடிக்கடி சொல்வான்.

"தாத்தா வீட்டை இடிக்கப் போறோம்ல, மாடி ஸ்டோர் ரூம்ல போர்வைங்களுக்கு அடியில இது இருந்துச்சு" என்றான் மிஷாரி. "மாமா சொன்னாரு, உம்மா சின்ன வயசுல இதுலதான் உட்கார்ந்து என்னத்தையோ வரைஞ்சுட்டே இருப்பாங்களாம். அடுத்த மாசம் ஸ்கூல்ல ரிட்டயர் ஆகுறாங்க. அன்னிக்கு ஹால்ல வச்சு ஆன் பண்ணிக் காட்டணும். முடியுமா?"

"நீ ஆன் பண்ணிப் பார்த்தியா?"

"ஒரே ஒரு தடவை. திரை முழுக்கக் கோடு கோடா வந்துச்சு. சத்தமே இல்ல."

"யாருடா உன்ன ஆன் பண்ணச் சொன்னது? உள்ள கெப்பாசிட்டர் எல்லாம் ஒழுகியிருக்கும். ஒழுகின போர்டுல கரண்ட்ட விட்டா மிச்சமும் போயிடும்."

"சரி சரி, அடிக்காதீங்க."

சபீகா சிரித்தாள். "எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு தெரியுமா? வாப்பா வாங்கினது. உங்க உம்மாவும் நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுக்குத்தான் அடிச்சுக்குவோம்."

"அது எங்க இப்ப?"

"இராக் ஆக்கிரமிப்பப்ப போயிடுச்சு. வீட்ல ஒரு ஸ்பூன் கூட மிஞ்சல."

அவன் போன பிறகு அவளுக்கு ஒரு சின்ன யோசனை வந்தது. நூரியா வீட்டிலும் இதே மாதிரி ஒன்று இருந்ததா? அவள் சொன்னதே இல்லையே. ஒருவேளை போருக்குப் பின், பெண் ஏங்கிப் போகிறாளே என்று அவள் வாப்பா யாகூப் மாமா எங்கிருந்தோ தேடி வாங்கிக் கொடுத்திருக்கலாம். சபீகாவிடம் இல்லாத பொருள் தன்னிடம் இருப்பதைச் சொல்ல நூரியாவுக்கு மனசு வந்திருக்காது. பாவம், அவள் எப்போதும் அப்படித்தான் என்று சபீகா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பெட்டியைப் பிரித்தாள். உள்ளே ஜாப்ரியாவின் தூசி முழுக்க இருந்தது. போர்டை உருவி எடுத்து விளக்கின் கீழே பிடித்தாள். சின்னத் தகர டப்பாக்களைப் போல நிற்கும் கெப்பாசிட்டர்களின் காலடியில் எல்லாம் பிசுபிசுப்பு. சுற்றியிருந்த ஈயம் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தது. ஒரு இடத்தில் செம்புக்கோடு அரித்துப் பச்சை கட்டியிருந்தது. எல்லாம் எதிர்பார்த்ததுதான். பாட்டரி மட்டும் நல்லவேளையாக வெடிக்கவில்லை. அதை முதலில் கழற்றி எறிந்தாள்.

முதல் கெப்பாசிட்டருக்குச் சூடு காட்டியதும் கெட்டுப்போன மீன் வாடை கிளம்பி அறையை நிறைத்தது. உள்ளிருந்து ஒழுகிய திரவம் சூடானால் அப்படித்தான் நாறும். பர்ராக் மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவில் வந்து நின்றான்.

"மதியத்துக்கு ஸுபைதி மீன்னு நினைச்சு ஆசையா வந்தேன்."

"இது முப்பது வருஷத்து மீன். வேணுமா?"

"எலுமிச்சம்பழம் இருந்தா கொடு" என்று சொல்லிவிட்டு அவன் ஓடிப்போனான்.

பழைய கெப்பாசிட்டர்களை எல்லாம் எடுத்து முடித்தபின் போர்டைக் கழுவ வேண்டும். அதற்காக மெமரி பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பிறகு ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்து, தூசியும் பிசுக்கும் கரைந்து ஓடும்வரை தேய்த்தாள். மெமரி பட்டைகள் இருந்த இடத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அடுத்த பட்டைக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி. அதற்கடுத்து மூன்று. பிறகு நான்கு.

ஃபேக்டரியில் போட்ட குறியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தச் சிவப்பு மைச்சிவப்பு இல்லை. கொஞ்சம் ஊதா கலந்தது, தடியாக, மினுக்கமாக இருந்தது. ஸ்பிரிட்டில் கரையவும் இல்லை. நெயில் பாலிஷ்.

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

அவளுடைய வாப்பா கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். அந்த மேக்குக்குக் கூடுதல் மெமரி வாங்கிவந்த வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து அதைப் பிரித்தார். எந்தப் பட்டை எங்கே போகும் என்று குழம்பாமலிருக்க உம்மாவின் நெயில் பாலிஷை வாங்கிப் புள்ளி வைத்தார். உம்மா, "அது லெபனான்லேர்ந்து வந்தது, உங்க மெஷினுக்குப் பூசவா வாங்கினேன்?" என்று கத்திக்கொண்டே இருந்தாள். சபீகா எட்டிப் பார்க்கப்போய், காயாத பாலிஷில் கட்டைவிரலை வைத்து போர்டின் மூலையில் இழுத்துவிட்டாள். வாப்பா தலையில் ஒரு குட்டு வைத்தார். வாப்பாவிடம் அவள் வாங்கிய ஒரே குட்டு அது.

போர்டின் மூலையைக் கழுவ அவளுக்குப் பயமாக இருந்தது. கழுவினாள். தூசிக்கு அடியிலிருந்து ஊதாச்சிவப்பில் ஒரு தீற்றல் வெளியே வந்தது. ஒரு முனையில் சின்ன விரலின் ரேகைகள். அதன் பக்கத்தில் தன்னுடைய இப்போதைய கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அது எவ்வளவோ பெரிதாக இருந்தது.

இந்த இடத்தில் பழைய கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இராக் படை நாட்டுக்குள் நுழைந்த ஆகஸ்டில் சபீகாவின் குடும்பம் கோடை விடுமுறைக்காகக் கெய்ரோவில் இருந்தது. வீட்டுச் சாவி அவ்னி வாத்தியாரிடம் இருந்தது. அவர் பாலஸ்தீனர். தெருமுனை அடுக்ககத்தில் வாடகைக்குக் குடியிருந்து பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் மகள் மைசூன், சபீகா, நூரியா மூன்று பேரும்தான் அந்தத் தெருவின் கூட்டாளிகள். வருஷா வருஷம் ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வாப்பா அவரிடம்தான் சாவி கொடுப்பார்.

நாடு விடுதலையான பிறகு அவர்கள் திரும்பி வந்தபோது, எரியும் எண்ணெய்க் கிணறுகளின் புகையில் பகலே இருட்டாக இருந்தது. வீடு வெறுமையாகக் கிடந்தது. ராணுவம் வந்து போனதன் அடையாளம் சுவரில், கதவில் எல்லாம் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு யாகூப் மாமா வாப்பாவைத் தனியாக அழைத்துப் போய், "பட்டாளத்தான் வந்தது அப்புறம்தான். அதுக்கு முன்னாடியே நல்லதெல்லாம் போயிடுச்சு. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு நீங்களே யோசிங்க" என்றார். பாலஸ்தீனர் என்றாலே இராக்குக்கு உடந்தை என்று ஊர் முழுக்கச் சந்தேகப்பட்ட மாதங்கள் அவை. வாப்பா யோசிக்கவில்லை.

மறுநாள் அவ்னி வாத்தியார் சாவியோடு வந்தார். வாப்பா கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலேயே கதவைச் சாத்தினார். கீழே தெருவில் மைசூன் நின்று சபீகாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சபீகா மாடி ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நூரியா நின்றிருந்தாள்.

"போகாத" என்றாள் நூரியா. "என் கண்ணால பார்த்தேன், சபீகா. அவங்க வாப்பா உங்க கம்ப்யூட்டரைப் போர்வையில சுத்தி டாக்ஸில ஏத்தினாரு. நான் பார்த்தேன்."

சபீகா போகவில்லை. சில வாரங்களில் அவ்னி குடும்பம் ஜோர்டானுக்குப் போய்விட்டது. அதோடு முடிந்தது.

அன்று மாலை சபீகா எல்லாவற்றையும் பர்ராக்கிடம் சொன்னாள். அவன் போர்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு சொட்டு நெயில் பாலிஷ வச்சு ஒரு குடும்பத்தையே திருடங்கன்னு சொல்றியே, கொஞ்சம் நிதானமா யோசி."

"நாங்க ஒரு சாவிய வச்சுத்தான் ஒரு குடும்பத்தையே திருடங்கன்னு சொன்னோம்."

அவன் போர்டை மெல்ல மேஜைமேல் வைத்தான்.

"யாகூப் மாமா எடுத்திருக்கலாம். நூரியாவுக்குத் தெரியாம இருந்திருக்கலாம்ல?" என்றாள் அவளே. "சின்னப் பொண்ணு. இருட்டுல யாரையோ பார்த்துட்டு, அவ்னி சார்னு நினைச்சிருக்கலாம்."

"அப்புறம் அதே கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து படம் வரைஞ்சாளே?"

"அது எங்களோடதுன்னு தெரியாம இருந்திருக்கும்."

"நீ சொல்றத நீயே நம்புறியா?"

"நம்பணும்னு பார்க்கிறேன். விடுங்க."

வேலையை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். மிஷாரிக்குப் போன் போட்டு, போர்டு செத்துப்போச்சுடா என்று சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் போர்டு அவள் வாப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்த போர்டு. அதைச் சாகவிட அவளுக்கு மனமில்லை.

புது கெப்பாசிட்டர்கள் வேறு வகை. ஒழுகாது. மஞ்சள் நிறத்தில் செங்கல் துண்டுபோல இருக்கும். பழையதில் கோடு போட்ட முனை எதிர்முனை, புதியதில் கோடு போட்ட முனை நேர்முனை. பழகாதவர்கள் ஏமாறுவது அங்கேதான். மாற்றி வைத்தால் கரண்ட் கொடுத்ததும் தீப்பிடிக்கும். சபீகா கண்ணை மூடிக்கொண்டு சரியாக வைப்பாள். ஆனால் அந்த வாரம் ஒன்றைத் திருப்பி வைத்து ஈயமும் பிடித்துவிட்டாள். சரிபார்க்கும்போது கண்ணில் பட்டது. எடுத்து மாற்றுகையில் அடியிலிருந்த செம்புத் தகடும் பெயர்ந்து வந்தது. இப்படி ஒரு தப்பு அவள் செய்து வருஷங்களாகியிருந்தது. முடி போன்ற ஒரு கம்பியை இழுத்து அந்த இடத்தை இணைத்தாள். அரித்துப்போன கோட்டையும் அப்படியே சரி செய்தாள்.

எல்லாவற்றையும் பூட்டி ஸ்விட்சைப் போட்டபோது, அந்தக் கணீர் ஓசை வந்தது. திரை நடுவில் சிரிக்கும் சின்ன முகம் வந்து போயிற்று. உள்ளிருந்த பழைய டிஸ்க் சுழலவே இல்லை. அதற்குப் பதிலாக அவள் வைத்த மெமரி கார்டிலிருந்து அரபு எழுத்துகள் எழும்பி வந்தன. பன்னிரண்டு வயதில் அந்த ஓசை கேட்டால் சமையலறையிலிருந்து உம்மா, "வந்துட்டாளுங்களா?" என்று குரல் கொடுப்பாள். சபீகா நாற்காலியில் உட்கார்ந்து ஸ்விட்சை அணைத்தாள்.

விருந்தன்று நூரியாவின் ஹால் நிறையப் பெண்கள். பள்ளிக்கூடத்து டீச்சர்கள், தங்கைமார்கள், மருமகள்கள். குங்குமப்பூ கேக்கின் வாசனையும் ஊதுபத்திப் புகையும் கலந்து நின்றன. நூரியா புதுத் தங்க வளையலைக் காட்டிக்கொண்டு, "இனிமே காலையில ஒன்பது மணிக்கு முன்னாடி யார் போன் பண்ணாலும் நான் எடுக்கமாட்டேன், சொல்லிட்டேன்" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சபீகாவைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"என்னடி மூஞ்சி இப்படி வாடிக் கிடக்கு? பர்ராக் மறுபடியும் சோபா கேட்டாரா?"

மிஷாரி மேஜைமேல் துணி போட்டு மூடியிருந்ததைக் காட்டினான். "உம்மா, இதை எடுங்க."

நூரியா சிரித்துக்கொண்டே துணியை இழுத்தாள். மிஷாரி ஸ்விட்சைத் தட்டினான். ஓசை வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ குலவையிட்டார்கள்.

நூரியா அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. நேராகச் சபீகாவைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகச் சபீகா அறிந்த அந்த முகத்தில் அறியாத ஒருத்தி ஒரு நொடி வந்து நின்றாள். பிறகு அவள் மகனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "எங்கடா கண்டுபிடிச்ச இதை?"

"தாத்தா வீட்ல. சித்திதான் சரி பண்ணிக் கொடுத்தாங்க."

"அப்படியா" என்றாள் நூரியா. "சபீகா கை வச்சா எதுவும் பிழைச்சுக்கும்."

கொஞ்ச நேரத்தில் சபீகா சமையலறைக்குப் போனாள். நூரியா பின்னாலேயே வந்து, வேலைக்காரப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"உம்மாவோட நெயில் பாலிஷ் போர்டுல இருக்கு. என் விரலும் இருக்கு. ஆனா நிச்சயமாத் தெரிஞ்சது இப்பத்தான். நீ என்னைப் பார்த்தியே, அப்ப."

நூரியா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். "வாப்பா எடுத்துட்டு வந்தது காப்பாத்தத்தான், சபீகா. சத்தியமா. பட்டாளம் வீடு வீடா ஏறிட்டு இருந்துச்சு. சுவரேறிக் குதிச்சுப் போய் முடிஞ்சதையெல்லாம் எங்க வீட்டுக்கு மாத்தினாரு. அப்புறம் சாப்பாட்டுக்கே வழியில்ல. ஒவ்வொண்ணா வெளிய போச்சு. கார்ப்பெட், டிவி, உங்க உம்மா நகை…"

"நகையுமா?"

நூரியா வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு."

"நீங்க திரும்பி வரப்போறீங்கன்னு தெரிஞ்சதும் பயந்துட்டாரு. யார் யாரையோ பிடிச்சுட்டுப் போய்ட்டு இருந்த நேரம். அவ்னி சார் எப்படியும் ஊரை விட்டுப் போகப்போறவர்தானே, அவருக்கு இதனால என்ன ஆயிடப்போகுதுன்னு…"

"இந்தக் கம்ப்யூட்டர மட்டும் ஏன் வச்சுக்கிட்டீங்க?"

"நான்தான் அழுதேன். அதை மட்டும் விக்காதீங்கன்னு. நீங்க வந்தப்புறம் மேல ஸ்டோர் ரூம்ல ஒளிச்சு வச்சாங்க. நான் கதவைச் சாத்திக்கிட்டு…" அவள் குரல் உடைந்தது. "எனக்குப் பன்னெண்டு வயசுடி."

"எனக்கும் பன்னெண்டுதான். மைசூனுக்கும் பன்னெண்டுதான்."

"வாப்பா சொல்லச் சொன்னாரு. சொன்னேன்."

"அன்னிக்கு உனக்குப் பன்னெண்டு. எங்க உம்மா சாகக் கிடந்தப்ப உனக்கு என்ன வயசு?" சபீகாவின் குரல் உயரவில்லை. "ஒவ்வொருத்தர் பேரா சொல்லி மன்னிச்சேன் மன்னிச்சேன்னு சொல்லிட்டு வந்தா. அவ்னிய மட்டும் மன்னிக்க மாட்டேன், அவனை அல்லாஹ்கிட்ட கேப்பேன்னு சொன்னா. நீ அப்ப அவ உதட்டுல பஞ்சு வச்சு நனைச்சுட்டு இருந்த. உன் கை நடுங்கக்கூட இல்ல, நூரியா."

நூரியா அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

"சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? உங்க வாப்பா உன்னை எங்க வீட்டுப் படி ஏற விட்டிருப்பாரா? உன்னை நான் இழந்திருப்பேன்."

"அதனால மைசூனை இழக்க வச்சியா?"

"நான் இழக்க வச்சேனா? நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். நீ உடனே நம்பிட்ட. கீழ நின்னு உன் பேரைக் கத்திக் கூப்பிட்டாளே, இறங்கிப் போய் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

கதவைத் தட்டிக்கொண்டு மிஷாரி தலையை நீட்டினான். "உம்மா, கேக் வெட்டக் கத்தி எங்க? எல்லாரும் காத்திருக்காங்க." இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அட, ரெண்டு பேரும் அழுது முடிச்சாச்சா? பழைய கதை பேசிட்டு இருந்தீங்களாக்கும்."

"ஆமா" என்றாள் நூரியா, இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டே.

அதன் பிறகு நூரியா போன் செய்யும்போதெல்லாம் சபீகா எடுக்கவில்லை. பெருநாளுக்கு வழக்கம்போலத் தட்டு நிறையப் பலகாரம் வந்தது. டிரைவரிடம் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். காலையில் காபி போட்டதும் தன்னையறியாமல் போனைக் கையில் எடுத்துவிடுவாள். எந்தச் சின்ன விஷயமானாலும் நூரியாவிடம் சொல்லிப் பழகியிருந்தது. இந்த விஷயத்தைக்கூட அவளுக்கு நூரியாவிடம்தான் சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. அது நினைவுக்கு வந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பாள். உம்மாவைக் குளிப்பாட்டிய அந்தக் கைகள் நினைவுக்கு வரும். அந்த நாளைக்கூட இவள் விட்டுவைக்கவில்லையே என்று இருக்கும்.

மைசூனைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. ஜோர்டானில், இர்பித் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தாள். கடையின் பெயரோடு எண்ணும் கிடைத்தது. சபீகா பலமுறை எண்ணை அழுத்திவிட்டு வைத்தாள். ஒருநாள் வைக்கவில்லை.

"யாரு?"

"சபீகா. ஜாப்ரியா சபீகா."

"சொல்லு" என்றாள் மைசூன்.

சபீகா சொன்னாள். கெப்பாசிட்டர், நெயில் பாலிஷ், ஸ்டோர் ரூம், நூரியா சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் மைசூன், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு யாரிடமோ, "ஹாஜி, இது சாப்பாட்டுக்கு அப்புறம். முன்னாடி போட்டுட்டு வந்து வயிறு எரியுதுன்னு என்கிட்ட சண்டை போடாதீங்க" என்றாள். பிறகு, "ம், மேல சொல்லு."

"உங்க வாப்பா…"

"போய்ட்டாரு. ஒன்பது வருஷம் ஆச்சு."

"அவர் எடுக்கலேன்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, மைசூன். அதை உன்கிட்ட சொல்லணும்னு…"

மைசூன் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. களைத்துப்போன சிரிப்பு. "எங்க வாப்பா எடுக்கலேன்னு எனக்குச் சொல்லவா போன் பண்ண? சபீகா, அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும். எங்க வீட்ல அது செய்தியே இல்ல. தெரு நடுவுல பட்டாளம் வச்ச செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய் உங்க செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்த மனுஷன் அவர். ஒரு தடவை கன்னத்துல அறை வாங்கிட்டு வந்தாரு. அதுக்கப்புறமும் போனாரு. இது உனக்குத்தான் புதுசு."

"என்னை மன்னிச்சிடு."

"அது அப்புறம். இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? தெரியாதவங்ககிட்ட சொல்லு. உங்க ஆளுங்க எத்தனை பேர் இன்னும் எங்க வாப்பாவைத் திருடன்னு சொல்லிட்டு இருக்காங்களோ, அவங்ககிட்ட சொல்லு." பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "கடைல ஆள் நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

குளிர்காலத்தில் மிஷாரி மறுபடி வந்தான். அவனுடைய பல்கலைக்கழகத்தில் பழைய கம்ப்யூட்டர்களின் கண்காட்சி வைக்கிறார்களாம். அதற்கு உம்மாவுடைய மேக்கையும் கேட்டிருக்கிறார்கள். இப்போது அது ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, வருகிறவர்களிடமெல்லாம் தான் அதை ஆன் செய்து காட்டுவதாகச் சொன்னான்.

"உம்மாவும் காட்டுவாங்களா?" என்று சபீகா கேட்டாள்.

"அவங்க அது பக்கமே வர்றதில்ல. நீங்களும் வீட்டுப் பக்கமே வர்றதில்ல. என்ன சித்தி சண்டை? ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்களாட்டம். உம்மாகிட்ட கேட்டா, ஒண்ணுமில்ல, சித்திக்கு உடம்பு சரியில்லங்கிறாங்க."

"அப்படியா சொன்னா?"

"ஆமா. சரி அதை விடுங்க. கண்காட்சிக்கு ஒரு அட்டை எழுதணும். கெப்பாசிட்டர் மாத்துனது, கோடு ஒட்டுனது எல்லாம் நீங்க சொல்லுங்க, எழுதிக்கிறேன்." அவன் போனைத் திறந்து விரலைத் தயாராக வைத்துக்கொண்டான். "முதல்ல உரிமையாளர். இதை முதன்முதலா வாங்கினது யாரு? தாத்தாதானே?"

பர்ராக் வாசல் பக்கமிருந்து அவளைப் பார்த்தான். வேண்டாம் என்றும் அவன் தலையசைக்கவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

"இல்ல" என்றாள் சபீகா. "எங்க வாப்பா."

மிஷாரி சிரித்தான். "சித்தி, தமாஷ் பண்ணாதீங்க. அட்டையில போடணும்."

அவள் சிரிக்கவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்தான். சிரிப்பு மெல்ல மெல்ல அவன் உதட்டை விட்டுப் போயிற்று. போனை மேஜைமேல் வைத்தான்.

"உட்காரு" என்றாள் அவள். "அந்தத் தெருவுல அவ்னின்னு ஒரு வாத்தியார் இருந்தாரு. உங்க வீட்ல அவரைப் பத்தி உனக்கு என்ன சொல்லி வச்சிருக்காங்க? முதல்ல அதைச் சொல்லு."

"உங்க வீட்டைக் கொள்ளையடிச்ச ஆளுதானே?" என்றான் மிஷாரி.

சபீகா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.